மணி அடிக்கிறது, குரல் மட்டும் வரவில்லை

கோயம்புத்தூரில் நான் கணினி, நெட்வொர்க் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பம்பு உதிரிபாக நிறுவனத்துக்கு மதுரையில் ஒரு கிடங்கு இருக்கிறது. இரண்டு இடங்களும் உள் எண்களிலேயே பேசிக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். கோவை அலுவலகத்தில் ஆஸ்டரிஸ்க் மென்பொருளைக் கொண்டு ஒரு தொலைபேசி சர்வரை அமைத்தேன். மேசைகளில் ஐபி தொலைபேசிகளை வைத்தேன். அலுவலகத்துக்குள் முதல் நாளே எல்லாம் ஒழுங்காக இயங்கின. அடுத்த வாரம் மதுரைக்கு ஒரு தொலைபேசியை அனுப்பி, அங்குள்ள இணைய இணைப்பில் செருகச் சொன்னேன். அது சர்வரில் தன்னைப் பதிவு செய்துகொண்டது. கோவையிலிருந்து அழைத்தேன், மணி அடித்தது, எடுத்தார்கள். அதன்பின் இரு பக்கமும் எந்தச் சத்தமும் இல்லை. சிறிது நேரத்தில் கிடங்குப் பொறுப்பாளர் தம் கைபேசியிலிருந்து என்னை அழைத்தார்: “தம்பி, மணி அடிக்குது, எடுத்தா ஒண்ணுமே கேக்கல. நான் பேசுனதாவது உங்களுக்குக் கேட்டுச்சா?”

அவர் கடைசியாகக் கேட்டதுதான் இந்தக் கோளாறைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ‘குரல் வரவில்லை’ என்று ஒரே சொல்லில் வந்து சேரும் புகாருக்குள் வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. இரு பக்கமும் கேட்காமல் இருப்பது ஒன்று, ஒரு பக்கம் மட்டும் கேட்காமல் இருப்பது வேறொன்று. முதல் நொடியில் கேட்டுவிட்டுப் பிறகு நின்றுபோவதும், அரை நிமிடத்தில் அழைப்பே அறுந்துபோவதும் அவற்றிலிருந்து வேறானவை. அடுத்த சில மாதங்களில் இவை அனைத்தையும் நான் இதே நிறுவனத்தில் சந்தித்தேன். எந்த அறிகுறி எந்தக் காரணத்தைக் காட்டுகிறது என்பதை, என் கையில் குறிப்புகள் இருக்கும்போதே எழுதி வைக்க விரும்புகிறேன்.

இணையவழித் தொலைபேசி அழைப்பில் இரண்டு தனித்தனிப் போக்குவரத்துகள் நடக்கின்றன என்பதை மனத்தில் ஊன்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்துவிட்டாரா, வைத்துவிட்டாரா என்ற செய்திகளைக் கொண்டுசெல்வது சிப் என்ற நெறிமுறை. அது வழக்கமாக 5060 என்ற போர்ட்டில் (ஒரு கருவிக்குள் எந்தச் சேவைக்கான தரவு என்று பிரித்துக் காட்டும் வாயில் எண்) பயணம் செய்கிறது. குரலைக் கொண்டுசெல்வது ஆர்டிபி. அதற்கு நிலையான போர்ட் கிடையாது, ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு போர்ட் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும். ஆஸ்டரிஸ்க்கின் மாதிரி அமைப்புக் கோப்பில் அதற்கென 10000 முதல் 20000 வரையிலான போர்ட்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் குரல் 20 மில்லி நொடிக்கு ஒரு துண்டாக வெட்டப்பட்டு, 160 பைட் குரலைக் கொண்ட பாக்கெட்டாக, ஒரு திசையில் நொடிக்கு 50 பாக்கெட் வீதம் செல்லும். அந்த 50 பாக்கெட்டும் எந்த முகவரிக்குச் செல்ல வேண்டும் என்பது சிப் செய்தியின் உடலுக்குள் எஸ்டிபி என்ற சிறு குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். அதில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரி ஐபி முகவரியைச் சொல்லும். ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கும் வரி போர்ட்டைச் சொல்லும்.

முகவரி மாற்றம் எனப்படும் நேட் குறுக்கிடுவது இங்கேதான். அலுவலகத்துக்குள் எல்லாக் கருவிகளுக்கும் 192.168 என்று தொடங்குவது போன்ற உள் முகவரிகள்தான் உள்ளன. 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 (ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறைகளை வகுக்கும் எண்ணிட்ட ஆவணங்கள்) ஒதுக்கிய அந்த முகவரிகளுக்குப் பொது இணையத்தில் வழி கிடையாது. ஒரு பாக்கெட் வெளியே போகும்போது ரவுட்டர் அதன் தலைப்பிலுள்ள அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டுத் தன் பொது முகவரியை எழுதி அனுப்புகிறது. ஆனால் பாக்கெட்டின் உள்ளே எழுதியிருப்பதை அது படிப்பதில்லை. உறையின் மேல் இருக்கும் முகவரி மாறிவிடுகிறது. உறைக்குள் இருக்கும் கடிதத்தில் ‘பதிலை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று எழுதியிருப்பது மாறாமல் அப்படியே போய்ச் சேருகிறது. உறையைப் பார்த்துப் பதில் எழுதும் இணையதளங்களுக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. கடிதத்தைப் பார்த்துப் பதில் அனுப்பும் சிப்புக்கு இதுவே தீராத தலைவலி.

சிப்பை உருவாக்கியவர்கள் இதை அறியாமல் செய்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. முகவரி மாற்றத்தை முன்வைத்த ஆர்எஃப்சி 1631, 1994 மே மாதத்திலேயே வந்துவிட்டது. சிப்பின் முதல் வரையறை 1999இலும், இன்று நாம் பின்பற்றும் ஆர்எஃப்சி 3261, 2002 ஜூனிலும் வந்தன. ஆனால் முகவரி மாற்றத்தை முன்மொழிந்த ஆவணமே அதை முகவரித் தட்டுப்பாட்டுக்கான ஒரு குறுகிய காலத் தீர்வு என்றுதான் சொன்னது. ஒவ்வொரு தொலைபேசிக்கும் சொந்த முகவரி இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஒரு நெறிமுறையை எழுதுவது அன்று நியாயமானதுதான். தற்காலிகமாக வந்தது நிலைத்துவிட்டதால், அதன்பின் வந்தவர்கள் ஒவ்வோர் ஓட்டையாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

மதுரை விஷயத்துக்கு வருகிறேன். அந்த முதல் புகார் வந்தபோது, எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் பாக்கெட்டுகளைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இதற்கு முன் வேறோர் இடத்தில் இணையத்தில் கண்ட ஆலோசனைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, இறுதியில் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று பிரிக்க முடியாமல் இரண்டு நாள்களை இழந்த அனுபவம் எனக்கு இருந்தது. சர்வரில் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் என்ற கருவியை ஓடவிட்டு, ஆஸ்டரிஸ்க் முகப்பில் சிப் செய்திகளையும் ஆர்டிபி பாக்கெட்டுகளையும் காட்டும் வசதிகளைத் திறந்து வைத்து, மறுபடியும் மதுரையை அழைத்தேன். ஆர்டிபி பட்டியலில் ‘அனுப்பினேன்’ என்ற வரிகள் மட்டும் ஓடின. ‘பெற்றேன்’ என்று ஒரு வரிகூட இல்லை. ‘அனுப்பினேன்’ என்ற வரி பாக்கெட் புறப்பட்டதற்குத்தான் சாட்சி, போய்ச் சேர்ந்ததற்கு அன்று. அது எந்த முகவரிக்குப் புறப்பட்டது என்று பார்த்தால், 192.168.0.21. அது மதுரைக் கிடங்கின் மேசையில் உள்ள தொலைபேசியின் உள் முகவரி. கோவையிலிருந்து அந்த முகவரிக்கு எந்த வழியும் கிடையாது.

மதுரையிலிருந்து ஏன் ஒன்றும் வரவில்லை என்பதற்கு விடை, சர்வர் அனுப்பிய இன்வைட் என்ற, அழைப்பைத் தொடங்கும் சிப் செய்தியின் எஸ்டிபியில் இருந்தது. அதன் ‘சி’ வரியில் சர்வர் தன் உள் முகவரியான 192.168.1.10ஐ எழுதி அனுப்பியிருந்தது. மதுரைத் தொலைபேசி அதை நம்பி, நொடிக்கு 50 பாக்கெட் வீதம் அந்த முகவரிக்கே தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. மதுரையிலும் 192.168.1 என்ற அதே வரிசை முகவரிகள் இருந்திருந்தால், கிடங்குப் பொறுப்பாளரின் குரல் அங்குள்ள ஏதாவதொரு பிரிண்டருக்குப் போயிருக்கும். இரண்டு பக்கமும் மற்றவருக்கு எட்டாத முகவரியைக் கொடுத்து, இரண்டு பக்கமும் அதை நம்பிக்கொண்டிருந்தன. இரு பக்க அமைதிக்குப் பொருள் பெரும்பாலும் இதுதான். குரல் போர்ட்டுகளை ரவுட்டர் சர்வருக்குத் திருப்பிவிடாமல் இருந்தாலும் இதே அறிகுறி வரும். ஆனால் அப்போது ‘சி’ வரி சரியாக இருக்கும்.

நான் மாற்றியது ஒரே ஒன்றுதான். ஆஸ்டரிஸ்க்கில் சிப்பைக் கையாளும் பிஜேசிப் என்ற பகுதியின் அமைப்பில் எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ் என்ற இடத்தில் அலுவலகத்தின் நிலையான பொது முகவரியை எழுதினேன். (இங்கே அதை 203.0.113.25 என்று குறிப்பிடுகிறேன். உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி வரிசை அது.) அதோடு, லோக்கல் நெட் என்ற இடத்தில் அலுவலக உள் முகவரி வரிசை சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். எந்தத் தொலைபேசிக்கு உள் முகவரியைச் சொல்வது, எதற்குப் பொது முகவரியைச் சொல்வது என்று சர்வர் முடிவு செய்வது அந்த வரியை வைத்துத்தான்.

அடுத்த அழைப்பில் பொறுப்பாளரின் குரல் கோவையில் தெளிவாகக் கேட்டது; என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. அவர் வருத்தப்பட்டார். எனக்கு அது பெரிய மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் பாதி வழி திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இப்போது ‘பெற்றேன்’ என்ற வரிகள் மதுரை ரவுட்டரின் பொது முகவரியிலிருந்து வந்துகொண்டிருந்தன. ‘அனுப்பினேன்’ என்ற வரிகள் மட்டும் இன்னும் 192.168.0.21க்கே போய்க்கொண்டிருந்தன. அந்தத் தொலைபேசியின் அமைப்பில் ஆர்டிபி சிமெட்ரிக் என்பதை இயக்கினேன். அதன் பொருள், எஸ்டிபியில் எழுதியுள்ள முகவரியை விட்டுவிட்டு, மறுமுனையின் குரல் உண்மையில் எந்த முகவரியிலிருந்தும் எந்தப் போர்ட்டிலிருந்தும் வந்ததோ அதற்கே பதில் குரலை அனுப்பு என்பதுதான். கடிதத்தை விட்டு உறையைப் பார்க்கச் சொல்வது. இரு பக்கமும் குரல் வந்துவிட்டது. சிப் செய்திகளுக்கு இதே வேலையைச் செய்பவை 2003இல் ஆர்எஃப்சி 3581 வகுத்த ஆர்போர்ட் என்ற குறிப்பும், தொலைபேசி கொடுத்த தொடர்பு முகவரியைச் சர்வர் திருத்தி வைத்துக்கொள்ளும் ரீரைட் கான்டாக்ட் என்ற அமைப்பும். அவற்றை நான் முன்பே இயக்கியிருந்ததால்தான் மதுரையில் மணியாவது அடித்தது.

வேலை முடிந்தது என்று எண்ணியது என் பிழை. சோதனை அழைப்புகள் அனைத்தையும் நான் கோவையிலிருந்தே செய்திருந்தேன். மறுநாள் மதுரையிலிருந்து அவர்கள் அழைத்தபோது, குரல் நன்றாகக் கேட்டு, பேச்சு நடுவிலேயே அறுந்தது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை நிமிடத்தில் அறுந்தது. அதோடு இன்னொரு புகாரும் வந்தது: கோவையிலிருந்து அழைத்துப் பேசும்போது மதுரையில் இருப்பவர் முதலில் வைத்துவிட்டால், கோவைத் தொலைபேசி அழைப்பு தொடர்வதாகவே காட்டிக்கொண்டிருந்தது.

கடிகாரத்தை வைத்து அளந்தேன்: 32 நொடி. இந்த எண்ணை எங்கே கண்டாலும் சிப் தெரிந்தவர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்வார்கள். அழைக்கப்பட்டவர் எடுத்ததும் ‘200 ஓகே’ என்ற செய்தி போகும். அது கிடைத்ததற்கு அழைத்தவர் ‘ஏசிகே’ என்ற ஒப்புகையைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒப்புகை வராவிட்டால் ‘200 ஓகே’ முதலில் அரை நொடியிலும், பிறகு இடைவெளியை இரட்டிப்பாக்கி, 4 நொடிக்கு ஒரு முறை வரையிலும் திரும்பத் திரும்ப அனுப்பப்படும். அந்த அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி கடந்தும் ஒப்புகை வரவில்லை என்றால், சர்வர் அழைப்பைத் துண்டித்துவிடும். குரல் அருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாலும் துண்டித்துவிடும். குரலின் வழி வேறு, செய்தியின் வழி வேறு. பாக்கெட் பதிவில் சர்வரின் ‘200 ஓகே’ திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது; ஒப்புகை ஒன்றுகூட இல்லை. சர்வர் அந்தச் செய்தியில் தன் தொடர்பு முகவரியாக 192.168.1.10ஐ எழுதியிருந்தது, மதுரைத் தொலைபேசி தன் ஒப்புகையை அங்கே அனுப்பித் தொலைத்துக்கொண்டிருந்தது. மதுரைக்காரர் வைத்துவிட்டார் என்ற செய்தியும் அதே முகவரிக்குப் போய்த்தான் காணாமல் போனது. குரலுக்கான பொது முகவரியை எழுதிய நான், செய்திகளுக்கான எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ் என்ற இன்னொரு வரியை எழுதாமல் விட்டிருந்தேன். அதை எழுதியதும் இரண்டு புகார்களும் ஒன்றாகத் தீர்ந்தன. அன்றிலிருந்து இரு முனைகளிலிருந்தும் அழைத்து, ஒவ்வோர் அழைப்பையும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசி, ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் முதலில் வைத்துப் பார்க்காமல் எந்தச் சோதனையையும் நான் முடிப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து மதுரையில் மேலும் மூன்று தொலைபேசிகள் சேர்ந்தபோது வந்த கோளாறு இன்னும் விசித்திரமாக இருந்தது. எடுத்தவுடன் ‘ஹலோ’ கேட்கும். அதற்கு மேல் எதுவும் கேட்காது. முதல் தொலைபேசியில் இது இல்லை, புதிய மூன்றில் மட்டும்தான். காரணம், டைரக்ட் மீடியா என்ற அமைப்பு ஆஸ்டரிஸ்க்கில் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. அழைப்பு இணைந்ததும் சர்வர் தான் நடுவிலிருந்து விலகிக்கொண்டு, இரண்டு தொலைபேசிகளும் ஒன்றுக்கொன்று நேரே குரலை அனுப்பிக்கொள்ளட்டும் என்று இரு பக்கத்துக்கும் புதிய இன்வைட் அனுப்பும். ஒரே அலுவலகத்துக்குள் இது நல்ல ஏற்பாடு. சர்வரின் சுமை குறையும். நடுவில் இரண்டு ரவுட்டர்கள் நிற்கும்போது, ஒன்றுக்கொன்று எட்டாத இரண்டு தொலைபேசிகளை அது தனியே விட்டுவிடுகிறது. முதல் தொலைபேசிக்கு அதை அணைத்திருந்த நான், புதியவற்றுக்கு அணைக்கவில்லை. கேட்டு நின்றுபோகும் குரலைக் கண்டால் அழைப்பு இணைந்த பிறகு இரண்டாவதாக ஓர் இன்வைட் போயிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சிப் செய்திகளை அம்புக்குறி வரைபடமாகக் காட்டும் எஸ்என்கிரெப் என்ற கருவியில் அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எனக்கு அதிக நேரம் பிடித்த கோளாறு ரவுட்டரின் உதவியால் வந்தது. மதுரையில் பழைய ரவுட்டர் பழுதாகி, இணைய இணைப்பு தருபவர் புதிய ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் நான்கு தொலைபேசிகளில் ஒன்று இயங்கும், மற்றொன்று இயங்காது. காலையில் கேட்டது மாலையில் கேட்காது. பல ரவுட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்ற வசதி உண்டு. அது 5060 போர்ட்டில் போகும் கடிதங்களைப் பிரித்து, உள்ளே எழுதியுள்ள முகவரிகளைத் தானே திருத்தி மூடி அனுப்புகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் முகவரியைத் திருத்திப் போர்ட்டைத் தவறாக எழுதுவது, சில செய்திகளைத் திருத்திச் சிலவற்றை விட்டுவிடுவது என்று அரைகுறையாகச் செய்யும் ரவுட்டர்கள் நிறைய உள்ளன. இதைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. மதுரையில் ஒரு மடிக்கணினியில் வயர்ஷார்க் என்ற பாக்கெட் பதிவுக் கருவி கொண்டும், கோவையில் சர்வரிலும், ஒரே அழைப்பை ஒரே நேரத்தில் பதிவு செய்து, அனுப்பிய செய்தியையும் வந்து சேர்ந்த செய்தியையும் அருகருகே வைத்துப் படித்தேன். தொலைபேசி எஸ்டிபியில் 192.168.0.21 என்று எழுதியிருந்தது. சர்வருக்கு வந்த செய்தியில் வேறு முகவரியும் வேறு போர்ட்டும் இருந்தன. வழியில் எவரோ கடிதத்தைத் திருத்துகிறார் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை. ரவுட்டரில் அந்த வசதியை அணைத்ததும் நான்கும் சீராயின. அணைக்கும் வசதியே இல்லாத ரவுட்டராக இருந்தால், சிப்பை வேறொரு போர்ட்டுக்கு மாற்றலாம், அல்லது டிஎல்எஸ் மறைகுறியாக்கத்துக்குள் அனுப்பலாம். பிரித்துப் படிக்க முடியாத கடிதத்தை எந்த ரவுட்டராலும் திருத்த முடியாது.

இதே காரணத்தால், தொலைபேசியில், தன் பொது முகவரியை வெளியிலுள்ள ஒரு சர்வரிடம் கேட்டு அறியும் ஸ்டன் வசதியையும், ரவுட்டரில் ஏஎல்ஜியையும், சர்வரில் சிமெட்ரிக் ஆர்டிபியையும் ஒருசேர இயக்குவதை நான் எதிர்க்கிறேன். ஒரே நோயாளிக்கு மூன்று வைத்தியர்கள் ஒருவரையொருவர் அறியாமல் மருந்து கொடுப்பது போன்றது அது. திருத்துவது எங்கே என்று ஓரிடத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும்; சர்வர் நம் கையில் இருக்குமானால் அது சர்வராகவே இருக்கட்டும். ஸ்டன், எதிர்முனைக்கு எதிர்முனை வேறு போர்ட்டை ஒதுக்கும் ரவுட்டர்களுக்குப் பின்னால் தவறான விடையையே தரும். உலாவிகளில் நடக்கும் வெப்ஆர்டிசி அழைப்புகளில் ஐஸ் என்ற முறை எல்லா வழிகளையும் முயன்று பார்த்து, எதுவும் திறக்காவிட்டால் டர்ன் என்ற இடைநிலைச் சர்வர் வழியாகக் குரலைக் கடத்துகிறது. மேசைத் தொலைபேசிகளில் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை.

நிறுவன உரிமையாளர் தம் கைபேசியிலும் உள் எண் வேண்டும் என்று கேட்டபோது இன்னொரு வகைச் சிக்கல் வந்தது. செயலியைத் திறந்தவுடன் அழைப்பு வரும். சிறிது நேரம் கழித்து அழைத்தால் மணியே அடிக்காது. அவருடைய கைபேசிக்கு 100.64 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தது. சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012இல் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கிய வரிசை அது. அங்கே நாம் எந்த ரவுட்டரையும் திருத்த முடியாது. வெளியே போன பாக்கெட்டுக்காகத் திறந்த வழியை முகவரி மாற்றி சிறிது நேரமே நினைவில் வைத்திருக்கும். சிப்பும் குரலும் வழக்கமாகப் பயணிக்கும் யுடிபி என்ற முறைக்கு அந்த நேரம் 2 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4787 சொல்கிறது. ஆனால் லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டர்களில், பதில் வராத யுடிபி பாக்கெட்டுக்கு இயல்பான அளவு 30 நொடிதான். அதனால் சர்வர் 25 நொடிக்கு ஒரு முறை ‘இருக்கிறாயா’ என்று கேட்கும்படி குவாலிஃபை இடைவெளியை வைத்தேன். செயலி பின்னணியில் உறங்கிவிடும்போது அதுவும் முழுமையாக உதவவில்லை.

மேலும், கைபேசி எந்த முகவரியிலிருந்து வரும் என்று சொல்ல முடியாததால், 5060ஐ உலகம் முழுமைக்கும் திறந்துவைக்க வேண்டியிருந்தது. திறந்த சில மணி நேரத்திலேயே முன்பின் அறியாத முகவரிகளிலிருந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் முயற்சிகள் பதிவேட்டில் வரிசையாக வரத் தொடங்கின. அதைப் பார்த்தபின் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. மதுரையின் முகவரிக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்து, உரிமையாளரின் கைபேசியை வயர்கார்ட் என்ற விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும் மறைகுறியாக்கப்பட்ட தனி வழி) வழியாக உள்ளே கொண்டுவந்தேன். அதன் தொடர் உயிர்ப்புச் செய்தியை 25 நொடிக்கு வைத்ததும் வழி மூடிக்கொள்வதில்லை, மணியும் தவறுவதில்லை.

விபிஎன் இணைந்த அன்று மாலை அவர் அழைத்தார். மணி அடித்தது, எடுத்தேன், இரு பக்கமும் அமைதி. இந்த முறை எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எஸ்டிபியின் ‘சி’ வரியைப் பார்த்தேன். விபிஎன் வழியாக வந்த கைபேசிக்குச் சர்வர் 203.0.113.25 என்ற பொது முகவரியைக் கொடுத்திருந்தது. கைபேசியின் குரல் விபிஎன்னுக்குள் வராமல் வெளியே சுற்றி வந்து, மதுரைக்கு மட்டும் திறந்திருந்த கதவில் முட்டி நின்றது. விபிஎன்னுக்கு நான் ஒதுக்கிய 10.8.0 வரிசையை லோக்கல் நெட் பட்டியலில் சேர்த்துவிட்டு, சர்வரின் சேவையை மீண்டும் தொடங்கி, அவரைத் திரும்ப அழைத்தேன். “கேக்குதுங்களா?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டோம்.